பெடல் இலேசாக வேண்டுமா? தூரத்தை விலையாகக் கொடுங்கள்!

மாணவர்களே! மாலை வேளையில் பங்சாரின் ஜாலான் மாரோப் மேட்டில் கார்கள் நின்று நின்று ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் மேனுவல் கியர் கார் ஒன்று இருந்தால், அதை ஓட்டுபவரின் இடது காலுக்கு ஓய்வே கிடைக்காது. நிற்க ஒரு மிதி, நகர ஒரு மிதி, கியர் மாற்ற இன்னொரு மிதி. ஓட்டுநர் உரிமத் தேர்வில் ‘புக்கிட்’ எனப்படும் மேட்டுச் சோதனையை முடித்த அண்ணனையோ அக்காவையோ கேட்டுப் பாருங்கள். கிளட்ச் பெடல் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

இதையே தார்ச்சாலை இல்லாத இடத்தில் நினைத்துப் பாருங்கள். சேறு, பாறை, செங்குத்தான மேடு. 1997-இல் நம் நாட்டில் தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ காட்டுப் பந்தயம் மழைக்காலத்தில்தான் நடக்கும். இப்படிப்பட்ட தடங்களுக்கென வண்டி கட்டுபவர்களும், கரடுமுரடான நிலத்தில் ஓடும் ‘பக்கி’ எனப்படும் திறந்த வண்டிகளைக் கட்டுபவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கிளட்ச் பெடலை இலேசாக்க எந்தப் பாகத்தை வாங்குவது?

உதிரிபாகக் கடைக்குப் போவதற்கு முன் இதற்கு விடை தேட வேண்டிய இடம், ஐந்தாம் படிவ இயற்பியலில் ‘அழுத்தம்’ என்னும் பாடம். வாருங்கள், பார்ப்போம்.

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்துக்கு ஃபிளைவீல் என்று பெயர். அதன் முகத்தில் உராய்வுப் பூச்சுள்ள ஒரு தட்டு அமர்ந்திருக்கும். அந்தத் தட்டைப் ‘பிரஷர் பிளேட்’ என்னும் பாகம் வலுவான வில்லின் உதவியால் ஃபிளைவீலோடு இறுக்கிப் பிடிக்கும். இறுக்கம் இருக்கும்வரை எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குப் போகும்.

பெடலை மிதிக்கும்போது ‘ஃபோர்க்’ எனப்படும் நெம்புகோல் ஒரு பேரிங்கை முன்னே தள்ளுகிறது. பேரிங் அந்த வில்லை அழுத்துகிறது. இறுக்கம் விடுபட்டு, தட்டு தனியே நிற்கிறது. அப்போதுதான் கியர் சுலபமாக மாறும். பேரிங் நகர வேண்டிய தூரம் சில மில்லி மீட்டர்கள்தான். ஆனால் அந்தச் சில மில்லி மீட்டர்கள் முழுமையாகக் கிடைத்தாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள். கட்டுரையின் உயிரே இதுதான்.

பெடல் ஏன் கனக்கிறது?

உங்கள் கால் எதிர்த்துத் தள்ளுவது அந்த வில்லைத்தான். எஞ்சினின் திருப்பு விசை கூடினால், தட்டு வழுக்காமல் இருக்க வில்லும் வலுவாக இருக்க வேண்டும். பக்கி வண்டிகளில் பெரிய சக்கரங்களும் ஆற்றல் கூட்டிய எஞ்சினும் பொருத்துவது வழக்கம். அதனால் வில் வலுக்கிறது, பெடலும் கனக்கிறது.

“அப்படியானால் வலுக்குறைந்த வில்லைப் போட்டால் என்ன?” என்று கேட்கலாம். பெடல் இலேசாகும். ஆனால் மேடு ஏறும்போது தட்டு வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது, சற்று நேரத்தில் கருகிய வாடை வரும். கிளட்ச் தட்டு தேய்ந்து எரிகிறது என்று அர்த்தம். ஆகவே வில்லைக் குறைப்பது வழியல்ல. வில்லுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் பாகங்களில்தான் கை வைக்க வேண்டும்.

கேபிளிலிருந்து எண்ணெய்க்கு

அந்த நடுப்பாகம் பழைய வண்டிகளில் ஒரு கம்பிக் கேபிள். 1994-இல் வந்த நம் பெரோடுவா கஞ்சில் காரிலும் கிளட்சை இழுத்தது கேபிள்தான். சைக்கிள் பிரேக் கேபிள் போன்றதே இதுவும். சிறிய காருக்கு இது போதும், விலையும் குறைவு.

பக்கி வண்டியில் கதை வேறு. 1964-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கண்ணாடியிழை உடலில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைப் பொருத்தி ‘மேயர்ஸ் மாங்ஸ்’ என்னும் பக்கியை உருவாக்கினார். 1967-இல் மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் நெடும் பந்தயத்தை அப்படிப்பட்ட வண்டிதான் வென்றது. அதன் பிறகு பீட்டிலின் அமைப்பு உலகெங்கும் பக்கி கட்டுபவர்களுக்குப் பிடித்துப்போனது.

பீட்டிலில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பெடல் முன்னால் இருக்கிறது. கிளட்ச் கேபிள் வண்டியின் நடுக்குழாய் வழியாக முன்னிருந்து பின்வரை ஓட வேண்டும. கேபிள் நீளமானால், வளைந்தால், சேறும் துருவும் சேர்ந்தால் உராய்வு கூடும். உங்கள் கால் கொடுக்கும் விசையில் ஒரு பகுதி வில்லைப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகும். அதனால்தான் பலர் கேபிளைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் பொருத்துகிறார்கள். எண்ணெய் செல்லும் குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். கேபிளில் இருப்பது போன்ற உராய்வு அதில் இல்லை.

பாஸ்கல் சொன்னது

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1662-இல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டு அச்சாகி வெளிவந்தது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இதை வைத்து ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் வீட்டுக் காரின் பிரேக் இயங்குவதும் இதே விதியில்தான்.

ஹைட்ராலிக் கிளட்சில் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். பெடல் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். கிளட்ச் அருகே இருந்து ஃபோர்க்கைத் தள்ளுவது ஸ்லேவ் சிலிண்டர். பட்டறைகளில் மாஸ்டர் பம்ப், ஸ்லேவ் பம்ப் என்று கேட்டாலும் இவற்றைத்தான் தருவார்கள். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது. உள்ளே இருப்பது பிரேக் எண்ணெய்.

மாஸ்டரின் பிஸ்டன் பரப்பு சிறியதாகவும் ஸ்லேவின் பரப்பு பெரியதாகவும் இருந்தால், குறைந்த விசை கொடுத்து அதிக விசை பெறலாம். “ஆகா, அப்படியானால் மிகச் சிறிய மாஸ்டரை வாங்கிவிடலாமே!” என்று தோன்றுகிறதா? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சிறிய பிஸ்டன் ஒரு தள்ளலில் அனுப்பும் எண்ணெயின் அளவும் சிறியது. அந்தச் சிறிதளவு எண்ணெய் பெரிய ஸ்லேவில் போய்ச் சேரும்போது, ஸ்லேவ் கொஞ்ச தூரமே நகரும். விசையில் இலாபம், தூரத்தில் நட்டம்.

கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்

காலில் தொடங்கிக் கிளட்சில் முடிப்பது இயல்பான வரிசை. பாகம் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். கிளட்சுக்கு எவ்வளவு தூரம் தேவை என்பதில் தொடங்கிக் காலுக்கு வர வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எளிமைக்காக, மிதி முழுவதும் விசை மாறாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: பேரிங் 8 மில்லி மீட்டர் நகர வேண்டும்; அதற்கு 1,200 நியூட்டன் விசை தேவை.

இரண்டாம் படி: ஃபோர்க் 2-க்கு 1 என்ற நெம்புகோல். எனவே ஸ்லேவ் 16 மில்லி மீட்டர் நகர வேண்டும். விசை பாதியாகி 600 நியூட்டன் போதும்.

மூன்றாம் படி: ஸ்லேவின் விட்டம் 22.2 மில்லி மீட்டர். பரப்பு சுமார் 387 சதுர மில்லி மீட்டர். 387-ஐ 16-ஆல் பெருக்கினால் 6,192 கன மில்லி மீட்டர், அதாவது 6.2 மில்லி லிட்டர் எண்ணெய் தேவை. ஒரு தேக்கரண்டியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்! 600 நியூட்டனை 387-ஆல் வகுத்தால் அழுத்தம்: ஒரு சதுர மில்லி மீட்டருக்கு 1.55 நியூட்டன். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு.

நான்காம் படி: பெடலும் ஒரு நெம்புகோல்தான். அச்சிலிருந்து பாதம் படும் இடம் 300 மில்லி மீட்டர், மாஸ்டரைத் தள்ளும் கம்பி 50 மில்லி மீட்டர் என்றால் விகிதம் 6-க்கு 1.

இப்போது மூன்று மாஸ்டர் சிலிண்டர்களை ஒப்பிடுவோம்.

பெரியது (விட்டம் 19.05 மில்லி மீட்டர், பரப்பு 285): பிஸ்டன் 22 மில்லி மீட்டர் நகர வேண்டும். பெடல் 130 மில்லி மீட்டர் இறங்கும். காலின் விசை 74 நியூட்டன்.

நடுவானது (விட்டம் 17.8 மில்லி மீட்டர், பரப்பு 249): பிஸ்டன் 25 மில்லி மீட்டர். பெடல் 150 மில்லி மீட்டர். விசை 64 நியூட்டன்.

சிறியது (விட்டம் 15.9 மில்லி மீட்டர், பரப்பு 198): பிஸ்டன் 31 மில்லி மீட்டர். பெடல் 188 மில்லி மீட்டர். விசை 51 நியூட்டன்.

பெரியதில் மிதிப்பது ஐந்து 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களின் எடையைத் தாங்குவது போல. சிறியதில் மூன்றரைப் போத்தல் போதும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் விசையையும் பெடல் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். 74 பெருக்கல் 130, 64 பெருக்கல் 150, 51 பெருக்கல் 188: மூன்றுமே ஏறத்தாழ 9,600. பேரிங்கில் 1,200 பெருக்கல் 8, அதுவும் 9,600! அதாவது 9.6 ஜூல் வேலை. எந்தச் சிலிண்டரை வாங்கினாலும் இந்த 9.6 ஜூலை உங்கள் கால் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை தவணையாகக் கட்டுவது என்பது மட்டுமே உங்கள் விருப்பம்.

எது சரியான தேர்வு?

இப்போது கடைக்குப் போகலாம். வாங்கப் போகும் மாஸ்டரின் பிஸ்டன் உள்ளே போகக்கூடிய அதிகபட்ச தூரம் 28 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சிறிய சிலிண்டருக்கு 31 தேவை, இருப்பதோ 28. பெடல் தரையைத் தொட்டாலும் பேரிங் சுமார் 7 மில்லி மீட்டர்தான் நகரும். குறைவது ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர். அந்த ஒரு மில்லி மீட்டரில் தட்டு முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே சுழலும். கியர் ‘கரகர’ எனக் கத்தும். சேற்று மேட்டில் பின் கியருக்கு மாற்றிப் பின்வாங்க வேண்டிய நேரத்தில் கியர் விழாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெடல் 188 மில்லி மீட்டர் இறங்க வேண்டும் என்றால் உங்கள் 15 சென்டி மீட்டர் அடிக்கோலைவிட நீளம். பக்கியின் குறுகிய கால் இடத்தில் அவ்வளவு தூரம் கால் நீட்ட முடியாது.

பெரிய சிலிண்டர் வேலை செய்யும், ஆனால் கனக்கும். மேலும் அது 28 மில்லி மீட்டரும் உள்ளே போனால் பேரிங் 10 மில்லி மீட்டருக்கும் மேல் தள்ளப்படும். அளவுக்கு மீறித் தள்ளினால் பிரஷர் பிளேட்டின் வில் கெட்டுவிடும். அதனால் பெடலுக்குக் கீழே ஒரு தடுப்புத் திருகு வைக்க வேண்டும்.

நடுவானது 25 மில்லி மீட்டரில் வேலையை முடிக்கிறது. கையிருப்பாக 3 மில்லி மீட்டர் மிஞ்சுகிறது. நம் மாதிரி வண்டிக்கு இதுவே சரி. கவனியுங்கள்: ‘மிக இலேசானது’ வெல்லவில்லை. தேவையான தூரத்தைக் கொடுத்த பிறகும் இலேசாக இருப்பது எதுவோ, அதுவே வென்றது.

“ஸ்லேவைச் சிறியதாக்கினால் தூரம் திரும்பக் கிடைக்குமே?” என்பவர்களுக்கு: கிடைக்கும். ஆனால் அழுத்தம் ஏறி, பெடல் மறுபடியும் கனக்கும். ஃபோர்க்கை மாற்றினாலும், பெடல் விகிதத்தைக் கூட்டினாலும் இதே கதைதான். ஒரு பக்கம் பெற்றதை மறுபக்கம் கொடுத்தே தீர வேண்டும்.

களவுபோகும் மில்லி மீட்டர்கள்

கையிருப்பு 3 மில்லி மீட்டர் எதற்கு? அதைத் தின்பதற்கென்றே சில திருடர்கள் காத்திருக்கிறார்கள்.

முதல் திருடன் காற்று. எண்ணெயை அழுத்திச் சுருக்குவது அரிது. காற்று எளிதில் சுருங்கும். குழாயில் 1 மில்லி லிட்டர் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். நம் கணக்கிலுள்ள அழுத்தத்தில் பாயில் விதிப்படி அது 16-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 6.2 மில்லி லிட்டரில் 0.94 மில்லி லிட்டர் எண்ணெய் அந்தக் குமிழைச் சுருக்குவதற்கே செலவாகும். பேரிங்கில் 1.2 மில்லி மீட்டர் குறையும்! ஒரே ஒரு குமிழ், கிளட்ச் விடுபடாமல் போகப் போதும். அதனால்தான் எண்ணெய் ஊற்றிய பிறகு ஸ்லேவில் உள்ள சிறு திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுகிறார்கள். காற்று மேலே ஏறும் என்பதால் அந்தத் திருகு மேல்பக்கம் இருக்கும்படி ஸ்லேவைப் பொருத்த வேண்டும்.

இரண்டாம் திருடன் ரப்பர் குழாய். அழுத்தத்தில் அது சற்றே உப்பும். உப்பிய இடத்தை எண்ணெய் நிரப்பும். எனவே நீண்ட தூரத்துக்கு உலோகக் குழாயும், அசையும் இடத்தில் மட்டும் எஃகுக் கம்பி பின்னிய குழாயும் போடுவது நல்லது. புகைபோக்கிக் குழாயின் சூட்டிலிருந்து அதைத் தள்ளியே வைக்க வேண்டும்.

மூன்றாம் திருடன் ஈரம். வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். மறுபடியும் முதல் திருடன் உள்ளே வந்துவிடுவான். ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில் எண்ணெயைக் காலத்தோடு மாற்றுவது அவசியம்.

எண்ணெயைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். பங்கே, கிரிசார் என்ற தோட்ட முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்தே இந்த ஊர்ப் பெயர் உண்டானது. அந்த மண்ணின் பிள்ளைகள் அறிய வேண்டிய ரப்பர் பாடம் இது: சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் காப்பது ரப்பர் வளையங்கள். பிரேக் எண்ணெய்க்கென்று செய்த வளையத்தின் மேல் எஞ்சின் எண்ணெய் போன்ற கனிம எண்ணெய் பட்டால், வளையம் ஊதிக் கெட்டுப்போகும். மூடியில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே ஊற்ற வேண்டும்.

காட்டில் கழற்ற முடியுமா?

ஸ்லேவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கியர் பெட்டிக்கு வெளியே இருந்து ஃபோர்க்கைத் தள்ளுவது. மற்றொன்று, உள்ளேயே வளையம்போல் அமர்ந்து பேரிங்கை நேராகத் தள்ளுவது. இரண்டாவதில் ஃபோர்க் தேவையில்லை, பாகங்கள் குறைவு. ஆனால் எண்ணெய் கசிந்தால் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். வெளியே இருப்பதை இரண்டு திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். பட்டறை பக்கத்தில் இருக்கும் ஊரில் இது பெரிய வேறுபாடு இல்லை. சேற்றுக் காட்டின் நடுவே, இருட்டும் நேரத்தில், வீடு வந்து சேர்வதா இல்லையா என்பதே இதில் அடங்கியிருக்கிறது. பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது “நன்றாக வேலை செய்யுமா?” என்று கேட்டால் மட்டும் போதாது. “பழுதானால் என்ன செய்வேன்?” என்றும் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்

மருந்தகத்தில் ஊசி இல்லாத 5 மில்லி லிட்டர், 20 மில்லி லிட்டர் சிரிஞ்சுகள் இரண்டும், மீன் தொட்டிக்கான மெல்லிய குழாய் கொஞ்சமும் வாங்குங்கள். சாயம் கலந்த நீரை நிரப்பி, காற்றில்லாமல் இரண்டையும் குழாயால் இணையுங்கள்.

1. சிறிய சிரிஞ்சை 4 மில்லி லிட்டர் அளவு தள்ளுங்கள். இரண்டு பிஸ்டன்களும் நகர்ந்த தூரத்தை அடிக்கோலால் அளந்து எழுதுங்கள்.

2. நண்பர் பெரியதையும் நீங்கள் சிறியதையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். யார் வெல்கிறார்? பிறகு இடம் மாறிப் பாருங்கள்.

3. குழாயில் 1 மில்லி லிட்டர் காற்றை விட்டு, பெரிய சிரிஞ்சை நண்பர் விரலால் தடுத்துப் பிடிக்க, முதல் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். இம்முறை பெரிய பிஸ்டன் எவ்வளவு தாமதமாக அசைகிறது என்று கவனியுங்கள்.

இந்த மூன்று சோதனைகளிலும் மாஸ்டர், ஸ்லேவ், காற்றுக்குமிழ் மூன்றையும் உங்கள் விரலே உணர்ந்துவிடும். பிரேக் எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம். அது தோலுக்கும் வண்டியின் வண்ணப்பூச்சுக்கும் ஆகாது.

நாளை நீங்கள் வண்டி கட்டுபவராகலாம், பட்டறை நடத்தலாம், பொறியியல் படிக்கலாம். ‘இதைப் போட்டால் பெடல் பஞ்சு போல் ஆகிவிடும்’ என்று யாராவது ஒரு பாகத்தை நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “தூரம் எவ்வளவு குறையும்?” அதற்கு மில்லி மீட்டரில் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.